பறக்கும் கல்லூரியில் தேறிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டையில் ஜெயித்தாயிற்று. அதற்கு அப்புறம்தான் கஷ்டமே ஆரம்பித்தது.

சண்டை அடுத்த காட்டுச் செந்நாய்களோடு. எதற்காக என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதை விட்டுவிடுவோம். செந்நாய்கள் ஒரு வழுக்குப் பாறையின் உச்சியில் குடியிருந்தன. ஏறிப்போக வழி கிடையாது. எசக்கி என்ற உடும்புதான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தப் பாறையில் ஏறி, உச்சியில் நகத்தை ஊன்றிப் படுத்தாள். அந்தக் கயிற்றைப் பிடித்துப் படையே மேலே போனது. முயல் ஏறியது, மான் ஏறியது, முள்ளம்பன்றி ஏறியது. யானை மட்டும் கீழேயே நின்று, "ஏறுங்க, ஏறுங்க, நான் பின்னால வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஜெயித்துவிட்டு வந்த படையைச் சிங்கராஜா கூட்டி உட்காரவைத்தார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "என் பிள்ளைகளே, உங்களுக்கு என்ன வேண்டும், கேளுங்கள்" என்றார். எல்லாரும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். படையில் இருந்த காலத்தில் யாரும் அவர்களிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

சரி, ராஜாவே முடிவு செய்தார். சண்டைக்குப் போன ஒவ்வொருத்தருக்கும் ஒரு பலா மரம். தின்பதற்கு இல்லை, பிள்ளையின் படிப்புக்கு. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறதோ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அந்த மரத்துப் பழம் போகும், அதுதான் சம்பளம். பிள்ளை படித்துத் தேறிவிட்டால் மரம் மறுபடி வீரன் கைக்கு வந்துவிடும். தேறுகிற வரைக்கும் மரத்தை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முடியாது. படிப்புப் பலா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாடாக இருந்ததால் நரிக்கும் பிடித்துப்போனது.

நரியின் பெயர் டாக்டர் சீராளன். டாக்டர் பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், "வெளிக்காட்டில்" என்பார். அவர் மலையடிவாரத்து மொட்டைத் திடலில் ஒரு கல்லூரி ஆரம்பித்தார். காட்டு மிருகங்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி. பறவைகளைச் சேர்ப்பதில்லை. "அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, அவங்களைச் சேர்த்து நாம என்ன சாதிக்கப்போறோம்?" என்பார். கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

படையில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசில் சத்தம் கேட்டால் வரிசையில் நின்றுவிடுவார்கள். எதற்கு வரிசை என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டவர்களைப் படையில் இருட்டுக் குகையில் போட்டதுண்டு. வரிசையில் நின்ற பிறகு முன்னால் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற மாதிரி அதில் கால் பதிப்பார்கள். கஞ்சியை நீட்டினால் கஞ்சியில்கூடப் பதிப்பார்கள்.

டாக்டர் சீராளன் சண்டைக்குப் போனவரில்லை. சண்டை நடந்த சமயத்தில் அவருக்கு வயிற்றுவலி. ஆனால் இந்தப் பழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மைனாவைச் சம்பளத்துக்கு வைத்தார். மைனா எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிப் பாடும். அதற்குப் படை விசிலைப் பழக்கினார்.

ஒருநாள் காலையில் திடலில் விசில் கேட்டது. காடு முழுக்க இருந்த பழைய வீரர்கள் எல்லாரும் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். ஒருத்தர் பாதிக் குளியலில் வந்தார், ஒருத்தர் வாயில் புல்லோடு வந்தார். எசக்கி அப்போது தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பழைய தோல் பாதி முதுகில் தொங்க, அப்படியே வந்து வரிசையில் நின்றாள். நின்ற பிறகுதான், 'நமக்கு என்ன வேலை இங்கே?' என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கால் நகரவில்லை.

வரிசையில் முதல் ஆள் சுபேதார் வேலாண்டி. முள்ளம்பன்றி. முதுகில் ஒரு முள் கிடையாது. சண்டையில் அத்தனையும் செந்நாய்களின் மூஞ்சியில் விட்டுவிட்டு வந்தவர், அப்புறம் அவருக்கு முளைக்கவே இல்லை. பக்கத்தில் அவர் மகள் வடிவு நின்றாள். அவளுக்கு முதுகு நிறைய முள், கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளவென்று.

"சுபேதார் ஐயா, இது யாரு?" என்றார் டாக்டர் சீராளன்.

"என் மக சார்."

"முதுகுல என்ன?"

"முள்ளு சார்."

"முள்ளுன்னு யாரு சொன்னா? இது விரியாத இறகு. முள்ளும் இறகும் ஒரே வம்சம். உங்க வம்சத்துல இதுவரைக்கும் யாரும் படிக்கலை, அதனால விரியலை. அவ்வளவுதான்."

வேலாண்டி மகளின் முதுகைத் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற முதுகுதான். இப்போது என்னவோ புதிதாகத் தெரிந்தது.

டாக்டர் சீராளன் ஒரு கல்லின் மேல் ஏறி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க கல்லூரியில ஒளிவுமறைவு கிடையாது. நாலு காலும் தரையில படாம, ஒரு விசில் ஊதி முடிக்கிற நேரம் வரைக்கும் இருந்தா அது தேர்ச்சி. அன்னிக்கே உங்க மரம் உங்க கைக்கு வந்துரும். இது படை முன்னாடி நான் குடுக்குற வாக்கு!"

எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டர் எதையோ நீட்டினார். வேலாண்டி கால் பதித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பதித்தார்கள். எசக்கியின் கையும் தானாக நீண்டது.

"உங்களுக்குப் பிள்ளை எத்தனை?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை."

"அப்ப நீங்க கிளம்பலாம்."

திரும்பி வரும்போது எசக்கி வேலாண்டியின் பக்கத்தில் நடந்தாள். "என்னத்தைக் கண்டு கால் பதிச்சீரு வே?"

"விசில் ஊதுனாங்களே அக்கா."

எசக்கி தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். பாதித் தோல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

எசக்கிக்கு அப்போது ஒரு தொழில் இருந்தது. பழைய வீரர்களுக்காக ஆபீஸ் ஆபீஸாகப் போய் நிற்பது. சண்டை முடிந்த மறு வருஷமே ஆரம்பித்தாள். ஒரு முயல் வீட்டுக்காரனைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, அவனுக்குச் சேரவேண்டிய புல்லுக்காக அலைந்துகொண்டிருந்தாள். எசக்கி அவளோடு போய் ஆபீஸ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். புல் கொடுக்கிறவரைக்கும் விடவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், வாலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். கடைசியில் நிலைப்படி பெயர்ந்து வந்தது, எசக்கி வரவில்லை. அன்றிலிருந்து யாருக்கு எது கிடைக்காவிட்டாலும் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். கூலி என்று எதுவும் கேட்பதில்லை. யாராவது முட்டை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். பறவைப் படைக்காரர்கள் வந்தால் மட்டும், சங்கடமாக இருக்கக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவாள்.

இப்படியே நாள் போயிற்று. ஒரு கோடையில் வேலாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு எசக்கியிடம் வந்தார்.

"என்ன வே சுபேதாரு, மக பறந்துட்டாளா?"

"கிண்டல் பண்ணாதீங்க அக்கா. மரத்துல காய்க்கிறது பூரா அங்க போகுது. இவ என்ன படிச்சான்னு நீங்களே கேளுங்க."

எசக்கி கேட்டாள். வடிவு விரலை மடக்காமல் ஒப்பித்தாள். "முத வருஷம் வானம்னா என்னன்னு பாடம், அத்தை. மேல இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டாம் வருஷம் ஒரு மரக்கிளையில உக்காந்து கீழ பாக்கணும். ஆனைக்குட்டி உக்காந்ததும் கிளை முறிஞ்சு போச்சு. இப்ப அந்தக் கிளை முளைக்கிற வரைக்கும் லீவு."

"உனக்கு என்ன படிக்கணும்?"

வடிவு அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். மூக்கை மண்ணில் வைத்து உறிஞ்சினாள். "அத்தை, நீங்க நிக்கிற எடத்துக்குக் கீழ தண்ணி இருக்கு" என்றாள்.

விஷயம் அதுதான். வடிவுக்கு மண்ணை மோந்தே தண்ணீர் தெரியும். எறும்புத்தின்னி வாத்தியார் ஒருத்தர் ஓடைக்கரையில் ஊற்றுத் தோண்டச் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் படித்தவர்கள் எங்கே போனாலும் தாகத்தில் சாக மாட்டார்கள், மற்றவர்களையும் சாக விட மாட்டார்கள். அவர் வடிவைப் பார்த்துவிட்டு, "வா, சேர்த்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நகம் முற்றிவிட்டால் சேர்க்க மாட்டார். முற்றின நகத்துக்கு மண்ணின் ஈரம் தெரியாதாம். வடிவின் நகம் அடுத்த மழைக்குள் முற்றிவிடும். இந்த வருஷம் முதல் இடி இடிப்பதற்குள் மரத்தோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் இல்லைதான்.

"ரெண்டு கையையும் காட்டு" என்றாள் எசக்கி. வடிவு காட்டினாள். நகம் இன்னும் இளசாகத்தான் இருந்தது, நுனியில் மட்டும் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"வாரும் வே" என்று எசக்கி கிளம்பினாள்.

முன்னாள் படைவீரர் நலப் பிரிவு ஒரு ஆலமரப் பொந்தில் இருந்தது. குமாஸ்தா ஒரு பச்சோந்தி. அவருக்கு ஒரு கண் செல்போனில் இருக்கும், ஒரு கண் வரிசையில் இருக்கும். வரிசையில் முன்னால் நின்றது யானை, ஹவில்தார் மலையாண்டி.

"உயிரோட இருக்கீங்கன்னு சான்று வேணும்" என்றார் குமாஸ்தா.

"நான்தான் முன்னாடி நிக்கேனே தம்பி."

"நிக்கிறது தெரியுது. போன மாசம் உயிரோட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அதுக்குத்தான் சான்று கேக்கேன்."

யானை யோசித்துக்கொண்டே ஒதுங்கி நின்றது. எசக்கி முன்னால் போனாள்.

"சுபேதார் வேலாண்டியோட மரத்தைப் பறக்கும் கல்லூரியில இருந்து மாத்தணும்."

"முடியாது. பிள்ளை தேறணும். இல்லைன்னா கல்லூரியே விட்டுக் குடுக்கணும்."

"அது கல்லூரியே இல்லை, மோசடி."

"அப்படியா? மோசடின்னு அந்தக் கல்லூரிகிட்ட இருந்து ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, உடனே மாத்திருவோம்."

எசக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். குமாஸ்தா அவளைப் பார்த்தார், பெயர்ந்து போன நிலைப்படியைப் பார்த்தார். பிறகு மேஜையின் நிறத்துக்கு மாறிவிட்டார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஆளைக் காணோம். "ஆபீஸ் நேரம் முடிஞ்சுது" என்று சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. இல்லாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? எசக்கி ராஜாவிடம் போனாள்.

ராஜா குகை வாசலில் படுத்திருந்தார். எசக்கி அவர் படுத்திருந்த பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ராஜா கேட்டு முடித்து, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினார். எசக்கி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ராஜா புரண்டு படுத்தார். அவள் அந்தப் பக்கம் வந்து பிடித்துக்கொண்டு சொன்னாள். மறுநாளும் சொன்னாள். கடைசியில் ராஜா எழுந்து நின்று, காடே அதிர ஒரு கர்ஜனை போட்டார்.

"என் வீரர்களை ஏமாற்றுகிறார்களா? இன்றிலிருந்து சொல்கிறேன்! உரிமம் இல்லாத எவனும் என் வீரர்களை ஏமாற்றக் கூடாது! உரிமம் வாங்கியவன் தான் கொடுத்த வாக்குப்படி, யார் வந்து கேட்டாலும் பரீட்சை நடத்த வேண்டும்! அரசாங்கக் குமாஸ்தா பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்!"

வீரர்களுக்கு இதுவரை இப்படி ஒரு பாதுகாப்பு இருந்ததே இல்லை. எசக்கிக்கு மாலை போட்டார்கள். அவள் தொழிலில் அதுதான் பெரிய வெற்றி. மாலையை அந்த முயல் தின்றாள். டாக்டர் சீராளன் அன்று மத்தியானமே போய் உரிமத்தை வாங்கி வந்துவிட்டார். திடலில் புதுப் பலகை வைத்தார், 'அரசு உரிமம் பெற்றது' என்று. அதைப் பார்த்துவிட்டு, அதுவரைக்கும் யோசித்துக்கொண்டிருந்த நாலைந்து மான் குடும்பங்களும் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தன.

"அக்கா, ஜெயிச்சுட்டோமா தோத்துட்டோமா?" என்று வேலாண்டி கேட்டார்.

எசக்கி வெயில் காயும் பாறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. "வே, அன்னிக்குப் படை முன்னாடி அந்த ஆளு என்ன சொன்னான்? நாலு காலும்?"

"தரையில படாம."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு விசில் நேரம்."

"நம்ம பழைய கயிறு யாருட்ட இருக்கு?"

"எங்க வீட்டுலதான் அக்கா. மாங்கா வத்தல் காயப்போட்டிருக்கோம்."

"வத்தலை எடுத்துட்டுக் கயித்தைக் கொண்டாரும்."

வடிவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மலையடிவாரத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். திடலுக்கு நேர் மேலே ஒரு பாறை நெற்றி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. எசக்கி அண்ணாந்து பார்த்தாள். பழைய பாறையைவிட இது உயரம் கம்மிதான். ஆனால் அவளுக்கும் வயது ஏறியிருந்தது. இடது கையில் ஒரு நகம் போன மழைக்கே விழுந்துவிட்டது. அதை அவள் சொல்லவில்லை.

"பிள்ளைக்குக் கயித்தை எங்க கட்டுறது?" என்றார் வேலாண்டி.

"வயித்துல கட்டும். முதுகுல கட்டினா முள்ளு பட்டு அறுந்துரும். அன்னிக்குச் சண்டையில ஏறும்போது நீரு குத்துன குத்து இன்னும் என் வாலுல வலிக்கு."

"அதையே இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவீங்க?"

வடிவு மெதுவாகக் கேட்டாள். "அத்தை, கீழ விழுந்துட்டா?"

"விழுந்தா கால் தரையில படும். கால் தரையில பட்டா ஃபெயிலு. அதனால விழாத."

பரீட்சை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். உரிமம் வாங்கிவிட்டதால் டாக்டர் சீராளனால் மறுக்க முடியவில்லை. நாள் குறித்தார். அந்த நாளில் காடே திடலில் கூடியது. மேற்கே கறுப்பாக மேகம் ஏறிக்கொண்டிருந்தது. குமாஸ்தா பச்சோந்தி முத்திரையோடு ஒரு கல்லில் வந்து உட்கார்ந்தார், கல்லின் நிறத்தில்.

எசக்கி பாறையில் ஏறினாள். நாலு கால் நகத்தையும் ஊன்றி, வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்து கயிறு கீழே தொங்கியது. கயிற்றின் நுனியில் வடிவு.

"என்ன இது, கயிறு?" என்றார் டாக்டர் சீராளன்.

குமாஸ்தா ஒரு கண்ணை அவர் பக்கம் திருப்பினார். "கயிறு இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே டாக்டர்."

டாக்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமா வச்சுக்கட்டும். நாம வாக்குத் தவறுற ஆளா?" என்று சொல்லிவிட்டு மைனாவிடம் குனிந்தார். "ஊதுறதை நிறுத்தாத. அந்தக் கிழவி கை விடுற வரைக்கும் ஊது."

மைனா ஊத ஆரம்பித்தது.

விசில் கேட்டதும் திடலில் நின்ற பழைய வீரர்கள் எல்லாரும் வரிசையாகிவிட்டார்கள். வேலாண்டியும்தான். மகள் அந்தரத்தில் தொங்குகிறாள், அப்பா நெஞ்சை நிமிர்த்தி வரிசையில் நிற்கிறார். கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடியது. மேலே எசக்கிக்கும் கால் துடித்தது, ஓடிப்போய் வரிசையில் நில் என்று. 'நான் நிற்கிற இடம்தான் வரிசை. ஒத்தை ஆள் வரிசை' என்று அவள் காலுக்குச் சொல்லிக்கொண்டாள். கால் கேட்டுக்கொண்டது.

வடிவின் நாலு காலும் தரையை விட்டு மேலே எழும்பியிருந்தன. விசில் ஓடிக்கொண்டே இருந்தது. மைனாவின் கழுத்து புடைத்தது, கண் பிதுங்கியது. எசக்கியின் இடது கை மரத்துப்போனது. விரலில் நகம் விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. விடவில்லை.

மைனாவுக்கு மூச்சு முடியப்போகிறது என்று டாக்டர் சீராளனுக்குத் தெரிந்துவிட்டது. "சல்யூட் விசிலுக்கு மாத்து!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

படையில் அது ஒரு தனி விசில். இழுத்து, நெளித்து, கடைசியில் ஒரு சொடுக்கு. அதைக் கேட்டுவிட்டால் வீரன் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், வலது கை நெற்றிக்குப் போய்விடும். சண்டையில் காயம்பட்டு மயங்கிக் கிடந்த ஒரு மான்கூட அந்த விசிலுக்குக் கையைத் தூக்கியிருக்கிறது.

திடலில் எல்லா வலது கையும் நெற்றிக்குப் போயிற்று. யானையின் தும்பிக்கை போயிற்று. மேலே பாறையில் எசக்கியின் வலது கையும் பாறையை விட்டது. அவள் விடவில்லை, கைதான் விட்டது. விறைப்பாக நெற்றிக்குப் போய் நின்றது.

உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. இடது கையும் பின்காலும் வாலும்தான் மிச்சம். சரிந்த வேகத்தில் இடுப்புக் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. கயிற்றின் நுனியில் தொங்கிய வடிவு திடலை அடுத்த பள்ளத்துப் பக்கம் வீசப்பட்டாள். அங்கே போய்த் திரும்பி, திடலுக்கு மேலே, வரிசைக்கு மேலே, டாக்டர் சீராளனின் காதுக்கு நாலு விரல் மேலே பாய்ந்து வந்தாள்.

பயத்தில் முள்ளம்பன்றி என்ன செய்யும்? முள்ளை விரிக்கும். வடிவின் முதுகில் இருந்த அத்தனை முள்ளும் ஒரே சமயத்தில் விரிந்தது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு கீற்று வெயில் அந்த நேரம் பார்த்து அதன் மேல் விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, விசிறி மாதிரி.

"விரிஞ்சிருச்சு!" என்று ஒரு மான் கத்தியது. "இறகு விரிஞ்சிருச்சு!"

மைனா அண்ணாந்து பார்த்தது. அதன் வாய் தானாகத் திறந்தது. விசில் நின்றது.

கயிறு இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. எசக்கி சல்யூட்டை இறக்கி, மறுபடி பாறையைப் பிடித்து, மெதுவாகப் பிள்ளையைத் தரைக்கு விட்டாள். குமாஸ்தா பச்சோந்தி கல்லிலிருந்து எழுந்தார். என்ன நிறத்துக்கு மாறுவது என்று முடிவு செய்ய முடியாமல் கோடுகோடாக நின்றார். பிறகு முத்திரை குத்தினார். "தேர்ச்சி. மரம் வாபஸ்."

டாக்டர் சீராளன், இறகு இறகு என்று கத்துகிற கூட்டத்தை ஒரு கொட்டாவி விடுகிற நேரம் பார்த்தார். அப்புறம் ஓடி வந்து வடிவின் கழுத்தில் மாலையைப் போட்டார். "என் மாணவி!" என்று தழுதழுத்தார். மரத்தைத் தன் கையாலேயே ஒப்படைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் திருப்பிக் கொடுத்ததை அந்தக் காடு பார்த்ததில்லை.

வடிவு மாலையோடு ஓடைக்கரைக்கு ஓடினாள். எறும்புத்தின்னி வாத்தியார் அவள் நகத்தைத் தடவிப் பார்த்து, "வந்துட்டியா, உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்த பிறகுதான் இடி இடித்தது. அந்தப் பிள்ளைக்கு அப்புறம் குறையே இல்லை. மூன்றாம் மாதமே முதல் ஊற்றைத் தோண்டிவிட்டாள்.

ஆனால் பரீட்சைக்கு மறுநாள் காலையில் பறக்கும் கல்லூரிக்கு வந்த வரிசை மலையைச் சுற்றிக்கொண்டு போனது. விசில்கூட ஊதவில்லை, அவர்களாகவே வந்தார்கள். ஆமை குட்டியோடு வந்தது. எருமை மூன்று கன்றுகளோடு வந்தது. அடுத்த காட்டிலிருந்து, தோற்றுப்போன செந்நாய் வீரர்கள்கூட, தங்கள் ராஜா கொடுத்த மரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். திடலில் வடிவின் படம் பெரிதாக நின்றது. முள் விரிந்த படம். கயிறு இருந்த இடத்தில் ஒரு மேகத்தை வரைந்திருந்தார்கள்.

எசக்கி கையில் கட்டோடு வரிசை நெடுக நடந்து கத்தினாள். "எலே, சேராதீங்கலே! அது கயிறு! நான்தான் மேல இருந்து பிடிச்சேன்!"

"உங்க பெருந்தன்மை அக்கா" என்றது ஆமை. "ஆனா நாங்க கண்ணால பாத்தோமே."

எசக்கி வேலாண்டியைத் தேடிப் பிடித்தாள். "நீராவது சொல்லும் வே! கயிறு உம்ம வீட்டுக் கயிறுதானே?"

வேலாண்டி தன் மொட்டை முதுகைச் சொறிந்துகொண்டார். "கயிறு இருந்துச்சு, அது ஒரு பக்கம் இருக்கட்டும் அக்கா" என்றார். "ஆனா அந்தக் கடைசி ஆட்டத்துல, கொஞ்சம்... கொஞ்சமே கொஞ்சம்... அவளாப் பறந்த மாதிரி இல்லை?"

எசக்கி வீட்டுக்கு வந்தாள். வாசலில் வெளிச்சம் இல்லை. என்னவென்று பார்த்தால், ஹவில்தார் மலையாண்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகன், பறக்கும் கல்லூரியின் கிளையை முறித்தவன், இப்போது அப்பாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தான். இருவர் தும்பிக்கையிலும் முட்டை. மகனின் முதுகில் ஒரு சுருள் கயிறு, புதுசு.

"அக்கா, இவனும் அங்கதான் மாட்டிக்கிட்டான். பறந்தாத்தான் மரம் வரும்ங்காங்க. உங்களை நம்பித்தான் வந்திருக்கோம்."

எசக்கி பையனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன எடை இருப்பான்?"

"யாரும் தூக்கிப் பாத்ததில்லை அக்கா."

யானைக்குப் பின்னால் எருமை நின்றது. எருமைக்குப் பின்னால் மான்கள். அதற்குப் பின்னால் தெரியவில்லை, வளைவில் திரும்பிப் போய்விட்டது வரிசை. எசக்கி முட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். இடது கைக் கட்டை அவிழ்த்து, மிச்சம் இருந்த நகங்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள்.

"விசில் என்னைக்குன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

நீதி: ஒரு மோசமான பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை மீட்க வேண்டுமானால், அதில் அவனை முதல் மாணவனாகத் தேற வைத்துவிட வேண்டும், யானை வளர்க்கிறவர்கள் கயிற்றைக் கொஞ்சம் தடிமனாகக் கொண்டுவரவும்.